லப்டொப்பில் போலி அன்டிவைரஸ்: ஃபோர்மட் பண்ணத்தான் வேண்டுமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "மகன் ஓ/எல் பாஸ்ட் பேப்பர் டவுன்லோட் பண்ணப் போய் எதையோ அமத்திவிட்டான். அன்றிலிருந்து லப்டொப்பின் வலது மூலையில் 'உங்கள் கொம்பியூட்டரில் 5 வைரஸ்' என்று சிவப்புப் பெட்டி வந்துகொண்டே இருக்கிறது. கேள்விப்படாத ஒரு அன்டிவைரஸும் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. 1,200 பிழை இருக்கிறதாம், சரி பண்ண 40 டொலர் கேட்கிறது. கடையில் காட்டினேன், ஃபோர்மட் பண்ணத்தான் வேண்டும் என்கிறார்கள். காலமான என் அம்மாவின் படங்கள் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?"

ரீச்சர், அந்த 40 டொலரைக் கட்ட வேண்டாம். ஃபோர்மட்டுக்கும் அவசரப்பட வேண்டாம். முதல் வேலையாக அம்மாவின் படங்களை ஒரு பென் டிரைவுக்குக் கொப்பி பண்ணிக் கழற்றி வைத்துவிடுங்கள். படங்களை மட்டும், டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் வேறு எதையும் சேர்க்காமல். அது முடிந்தால் பதற்றம் பாதி குறைந்துவிடும், மற்றதை ஆறுதலாகப் பார்க்கலாம்.

நீங்கள் எழுதியிருப்பது ஒரே பிரச்சினை மாதிரித் தெரிந்தாலும் இரண்டு. மூலையில் வரும் பெட்டி வேறு, உட்கார்ந்திருக்கும் அன்டிவைரஸ் வேறு.

பெட்டி அடுத்த தடவை வரும்போது மூடிவிடாமல் உற்றுப் பாருங்கள். கொட்டை எழுத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ சின்னதாக குரோம் என்ற பெயரும், ஏதோ ஒரு இணையத்தளத்தின் முகவரியும் இருக்கும். அப்படி இருந்தால் அது வைரஸ் எச்சரிக்கையே இல்லை, ஒரு தளம் அனுப்புகிற விளம்பரம். 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்' என்று ஒரு பக்கம் கேட்டிருக்கும், மகன் அழுத்தியிருப்பான். அந்த ஒரு அழுத்தில், எந்நேரமும் நொட்டிபிகேஷன் அனுப்ப அந்தத் தளத்துக்கு அனுமதி போய்விட்டது. குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நொட்டிபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். பெட்டி அத்தோடு நிற்கும். அப்படியே குரோமோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள், நீங்கள் போடாதது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

இந்த 'ஸ்கான்' எவ்வளவு பொய் என்பதை என் அக்காவின் மகனுடைய ஃபோனில்தான் நேரில் பார்த்தேன். ஏதோ ஒரு தளம் திறந்து, ஸ்கான் ஓடுகிற மாதிரி பச்சைக் கோடு நகர்ந்து, 'சி டிரைவில் 3 வைரஸ்' என்றது. அது அன்ட்ரொயிட் ஃபோன். அதில் சி டிரைவ் என்று ஒன்றே கிடையாது. அந்தப் பக்கம் எதையும் தேடவில்லை, முன்கூட்டியே செய்து வைத்த படத்தை ஓடவிட்டது. உங்கள் 1,200 பிழையும் அந்த மாதிரிக் கணக்குத்தான்.

இது புதுத் தொழிலும் அல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலேயே வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி அன்டிவைரஸ் என்ற பெயர்களில் போலிகள் ஓடின. இப்படி விற்ற ஒரு கூட்டத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2008இல் வழக்குப் போட்டது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஏமாந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2012இல் 163 மில்லியன் டொலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. படித்தவர், படிக்காதவர் என்று பார்க்காமல் எல்லோரும் அதில் விழுந்திருக்கிறார்கள், ஆகவே மகனைக் கோபிக்க வேண்டாம்.

சரி, உட்கார்ந்திருக்கிற அன்டிவைரஸுக்கு வருவோம். இன்டர்நெட்டை நிறுத்திவிட்டு செட்டிங்ஸில் அப்ஸ், இன்ஸ்டோல்ட் அப்ஸ் என்று போய்ப் பட்டியலைத் திகதிப்படி அடுக்குங்கள். மகன் டவுன்லோட் பண்ணிய நாளில் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள். இவை தனியாக வருவது குறைவு, கூடவே ஒரு 'கிளீனர்', ஒரு 'டிரைவர் அப்டேட்டர்' என்று துணைக்கு இரண்டைக் கூட்டிக்கொண்டு வரும். தெரியாததை ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டோல் பண்ணுங்கள். இங்கேயும் ஒரு தந்திரம் வைத்திருப்பார்கள்: 'உங்கள் கொம்பியூட்டர் ஆபத்தில் இருக்கிறது, நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டு, வைத்திருப்பதற்கான பட்டனைப் பச்சையில் பெரிதாகவும் நீக்குவதற்கானதை மங்கலான சாம்பல் எழுத்திலும் போட்டிருப்பார்கள். சாம்பலைத் தேடி அழுத்துங்கள்.

போலி நீங்காமல் அடம்பிடித்தால் சேஃப் மோடுக்குப் போக வேண்டும். ஷிஃப்ட்டை அமர்த்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் மறுபடி ரீஸ்டார்ட் ஆனதும் 4ஐ அழுத்துங்கள். விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு எழும்பும், போலி பெரும்பாலும் எழும்பாது. அப்போது நீக்கிவிடலாம்.

அடுத்தது உண்மையான ஸ்கான். அதற்குக் காசு தேவையில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபென்டர் என்ற உண்மையான அன்டிவைரஸ் கூடவே வருகிறது. விண்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்து, வைரஸ் அன்ட் திரெட் புரொடெக்ஷனில் ஸ்கான் ஒப்ஷன்ஸுக்குப் போய், ஒஃப்லைன் ஸ்கானைத் தெரிவு செய்யுங்கள். லப்டொப் அணைந்து எழும்பி, விண்டோஸ் முழுதாகத் தொடங்குவதற்கு முன்பே தேடும். ஏறக்குறைய 15 நிமிடம். சார்ஜரில் போட்டுவிட்டுச் செய்யுங்கள், இடையில் கரண்ட் போனாலும் பற்றரி தாங்கட்டும். பிறகு இரவில் ஒரு ஃபுல் ஸ்கானை ஓடவிட்டுப் படுங்கள். இன்னொரு அபிப்பிராயம் வேண்டுமென்றால் மால்வெயர்பைட்ஸ் என்ற வைரஸ் தேடும் மென்பொருளின் இலவசப் பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்து ஒரு தடவை ஓட்டலாம்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் என்னிடம் வருகிற லப்டொப்களில் என்னை உண்மையாகப் பயமுறுத்துவது இந்தக் கத்துகிற போலி அல்ல, கத்தாமல் இருப்பது. மட்டக்களப்பிலும் சரி கல்முனையிலும் சரி, ஃபோர்மட் பண்ணித் தருகிற பலர் களவு விண்டோஸையும் களவு ஒஃபிஸையும் ஏற்றி, அவற்றைக் காசு கட்டி வாங்கியது மாதிரிக் காட்ட 'அக்டிவேட்டர்' என்ற ஒன்றை ஓட்டித்தான் தருகிறார்கள். அதை ஓட்டுவதற்கு முதலில் டிஃபென்டரை நிறுத்த வேண்டும். பிறகு டிஃபென்டர் அதைப் பிடிக்காமலிருக்க எக்ஸ்குளூஷன் என்ற விலக்குப் பட்டியலில் அந்த ஃபோல்டரைச் சேர்த்து விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஃபோல்டருக்குள் எது வந்து படுத்தாலும் டிஃபென்டர் திரும்பியும் பார்க்காது. குரோமில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போகிற வகை வைரஸ்கள் இப்படியான களவு மென்பொருள்களோடுதான் அதிகம் வருகின்றன. ஒரு சத்தமும் போடாது.

ஆகவே வைரஸ் அன்ட் திரெட் புரொடெக்ஷனில் மனேஜ் செட்டிங்ஸுக்குள் போய் எக்ஸ்குளூஷன்ஸைத் திறந்து பாருங்கள். வீட்டு லப்டொப்பில் அது வெறுமையாக இருக்க வேண்டும். ஏதாவது இருந்தால் நீக்கிவிட்டு, மறுபடி ஸ்கான் பண்ணுங்கள். முதல் ஸ்கானில் அகப்படாதது இப்போது அகப்படலாம். அகப்பட்டால் அந்த லப்டொப்பிலிருந்து அல்ல, சுத்தமான ஒரு ஃபோனிலிருந்து ஈமெயில், வங்கி, ஃபேஸ்புக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸைப் பார்த்துத் தெரியாததை வெளியேற்றுங்கள்.

கடைக்காரர் சொன்ன ஃபோர்மட், எல்லாம் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் செய்ய வேண்டியது. அதையும் நீங்களே செய்யலாம்: செட்டிங்ஸில் ரிகவரிக்குள் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. அதில் விண்டோஸை இன்டர்நெட்டிலிருந்து புதிதாக இறக்கும் கிளவுட் டவுன்லோட் கொடுத்தால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா போகும், டொங்கிளில் இருப்பவர்கள் கவனம். கடையில்தான் கொடுப்பதென்றால் 'அக்டிவேட்டர் போடவேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். லப்டொப் விண்டோஸோடு வாங்கியதென்றால் அதன் அனுமதி லப்டொப்பிலேயே பதிவாகியிருக்கும், அதே பதிப்பை மறுபடி ஏற்றினால் தானாகச் செல்லுபடியாகும். இன்னும் விண்டோஸ் 10இல் இருந்தால் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 11 ஏறுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

திரை முழுக்கச் சிவந்து, சைரன் அடித்து, 'இந்த நம்பருக்கு எடுங்கள்' என்று வந்தால் எடுக்காதீர்கள். மைக்ரோசொஃப்ட்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் ஒருபோதும் இருக்காது. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, குரோமைத் தெரிவு செய்து என்ட் டாஸ்க் கொடுங்கள். யாராவது ஏற்கெனவே கார்ட் இலக்கம் கொடுத்திருந்தால், லப்டொப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வங்கிக்கு எடுத்துக் கார்ட்டை நிறுத்துவதுதான் முதல் வேலை. பிறகு கொம்பியூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101இல் முறையிடலாம்.

மகனுக்குப் பாஸ்ட் பேப்பர் இன்னும் தேவைதானே? கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்துக்குப் போகச் சொல்லுங்கள். தமிழிலேயே இருக்கிறது, காசில்லை.