உரிமையாளர், மேலாளர் உறவில் பண்பாடு எங்கே குறுக்கிடுகிறது?

ஒப்பந்தம் ஒன்றாக இருந்தும் நாட்டுக்கு நாடு உரிமையாளர், மேலாளர் உறவு ஏன் மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளியலாளர்கள் ஜென்சனும் மெக்லிங்கும் 1976இல் விளக்கிய முகவர் கோட்பாடு, மேலாளர் உரிமையாளரின் முகவராக இருந்தாலும் தன் நலனையும் தேடுவார், எனவே கண்காணிப்பும் ஊக்கத்தொகையும் தேவை என்கிறது. அமெரிக்கச் சூழலுக்கு அது பொருந்துகிறது. ஜப்பானியப் பெருநிறுவனங்களில் மேலாளர் பெரும்பாலும் உள்ளிருந்தே உயர்ந்தவர். பங்குதாரரைவிடச் சக ஊழியர்களிடமே அவருக்குக் கடப்பாடு அதிகம். ஜெர்மனியில் 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர்களுக்கு. சட்டம்தான், ஆனால் பண்பாடு இல்லாமல் அப்படியொரு சட்டம் வருமா?

என் பார்வையில் பெரிய சிக்கல் மௌனம். மேலிடத்தை மறுத்துப் பேசாத சூழலில் வளர்ந்த மேலாளர் தலையாட்டினால், 'காதில் விழுந்தது' என்று மட்டுமே பொருள். உரிமையாளரோ அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார். வேலை நகராதபோதுதான், "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்ற சண்டை தொடங்குகிறது.