கழுவாய் என்றால் என்ன? தவக்காலக் கேள்வி பதில்

தவக்காலம் தொடங்கினால் கிழக்கிலங்கை ஊர்களிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான்: இயேசு "நமக்காக" மரித்தார் என்றால் என்ன பொருள்? 28 வருடம் பாடசாலையில் கிறிஸ்தவ பாடம் படிப்பித்தவன் நான். பிறந்தது மெதடிஸ்த வீட்டில், மனைவி கத்தோலிக்கர். அதனால் எங்கள் மேசையில் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமமும் திருவிவிலியமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இரண்டையும் விரித்து வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவி): சேர், மீட்பு, ஒப்புரவு, பாவநிவிர்த்தி, கழுவாய் எல்லாம் ஒன்றுதானா? பரீட்சையில் மாற்றி மாற்றி எழுதலாமா?

எழுத வேண்டாம் மகள். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு இடத்திலிருந்து வந்தது. ஒப்புரவு, அதாவது பிரிந்தவர் மீண்டும் சேர்வது, சண்டை நடந்த வீட்டிலிருந்து வருகிறது. கழுவாயும் பாவநிவிர்த்தியும் பலிபீடத்துச் சொற்கள், பாவக் கறையைக் கழுவிப் போக்குவது. நீதிமானாக்குதல் என்று பவுல் சொல்வது வழக்கு மன்றத்துச் சொல். மீட்பு கடன்பட்டவனும் அடிமையும் நிற்கிற இடத்துச் சொல்.

மீட்பை நான் அம்மாவின் கையில் பார்த்திருக்கிறேன். மாரிப் போகத்துக்கு விதைப்புக் காசு இல்லாவிட்டால் அவருடைய இரண்டு காப்பும் அடைவுக்குப் போகும். அடைவுச் சீட்டை நாலாக மடித்துச் சங்கீதப் பக்கங்களுக்குள் வைத்திருப்பார். அறுவடை முடிந்து நெல் விற்றதும் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவார். காப்பை வாங்கினால் பையில் போடமாட்டார், அந்த இடத்திலேயே கையில் ஏற்றிவிட்டு "மீட்டாச்சு" என்பார். காப்பு அவருடையதுதான், ஆனால் அவரிடம் இல்லை. இப்போது திரும்பி வந்துவிட்டது. மீட்பர் என்ற சொல்லில் இருப்பது அதுதான்.

ஆங்கிலச் சொல்லையும் கேட்டிருந்தாய். 'அட்டோன்மென்ட்' என்பதில் 'அட் ஒன்', அதாவது ஒன்றாயிருத்தல், அப்படியே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வில்லியம் டின்டேல் தன் மொழிபெயர்ப்பில் ரோமர் 5:11க்கு அந்தச் சொல்லைப் போட்டார். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ஒப்புரவு என்று இருக்கிறது. மிகச் சரியான சொல்.

கேள்வி (அக்கரைப்பற்று): இயேசு தம் உயிரை 'மீட்கும்பொருளாக'க் கொடுக்க வந்தார் என்று மாற்கு 10:45 சொல்கிறது. அந்த விலை யாருக்குக் கட்டப்பட்டது? பிசாசுக்கா?

ஆதித் திருச்சபையில் பலர் அப்படித்தான் சொன்னார்கள். 4ஆம் நூற்றாண்டில் ஆயர் நிசாவின் கிரகோரியார் ஒரு தூண்டிலையே வரைந்து காட்டினார்: மனுஷீகம் இரை, உள்ளே மறைந்திருந்த தெய்வீகம் முள், பிசாசு விழுங்கி மாட்டிக்கொண்டான் என்று. அதே காலத்து நசியான்சின் கிரகோரியாருக்கு அது பொறுக்கவில்லை. கள்ளனுக்குக் கடவுள் விலை கொடுப்பதா என்று கேட்டார், பிதா அந்த விலையைக் கேட்டார் என்பதையும் அவர் ஏற்கவில்லை.

அப்புறம் 1098இல் கான்டர்பரிப் பேராயர் அன்செல்ம் எழுதி முடித்த 'கடவுள் ஏன் மனிதரானார்' என்ற நூல் பேச்சையே மாற்றிவிட்டது. நம் ஊர்ப் பழைய போடியாரை, பெரிய வயல்காரரை, நினையுங்கள். அவருடைய வயலைப் பார்க்கிற முல்லைக்காரன் அவரைச் சபையில் அவமதித்துவிட்டால், எடுத்த நெல்லைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, போன மரியாதையையும் ஈடு செய்ய வேண்டும். அன்செல்ம் வாழ்ந்த ஐரோப்பாவும் அப்படிப்பட்ட நிலவுடைமைச் சமூகம்தான். பாவம் கடவுளுடைய மகிமைக்கு வந்த கடன், செலுத்தக் கடமைப்பட்டவன் மனிதன், செலுத்தக் கூடியவர் கடவுள் மட்டும், ஆகவே கடவுளே மனிதரானார் என்பது அவருடைய வாதம். அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்ட் சிலுவையைக் கடன் தீர்த்ததாகப் பார்க்காமல், நம் நெஞ்சை எரியவைக்கும் அன்பாகப் பார்த்தார். 16ஆம் நூற்றாண்டில், சட்டம் படித்த சீர்திருத்தவாதி கல்வின் கையில் அந்தக் கடன், நமக்குப் பதிலாக இயேசு ஏற்ற தண்டனையானது. 20ஆம் நூற்றாண்டில் சுவீடனின் இறையியலாளர் குஸ்தாவ் ஔலேன், பாவத்தையும் சாவையும் வென்ற வெற்றியே ஆதிக் கருத்து என்று திரும்பவும் நினைவூட்டினார்.

யாருக்குக் கட்டியது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. அம்மாவின் காப்பு மீண்டு வந்ததைத்தான் நான் சொன்னேன், கடைக்காரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உவமையை அது நிற்கிற இடத்தில் விட்டுவிடுங்கள். நான் எப்போதும் கொடுக்கும் எச்சரிக்கை இது.

கேள்வி (திருக்கோவில்): லேவியராகமம் 16இல் பாவத்தைச் சுமந்த ஆட்டைத்தானே கொன்றார்கள்? இயேசுவும் அப்படித்தானே?

இல்லை. அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். ஏழாம் மாதம் பத்தாம் தேதி இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள், சீட்டுப் போடுகிறார்கள். ஒன்றைக் கொன்று அதன் இரத்தத்தைக் கிருபாசனத்தில், அதாவது உடன்படிக்கைப் பெட்டியின் மூடியில், தெளித்து, ஜனங்களின் அசுத்தத்திலிருந்து பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிக்கிறார்கள். அந்த ஆட்டின் தலையில் யாரும் பாவத்தை ஏற்றவில்லை. ஆசாரியன் இரண்டு கையையும் வைத்துப் பாவங்களை அறிக்கையிடுவது மற்ற ஆட்டின் தலையில். அது உயிரோடு வனாந்தரத்துக்குப் போகிறது. அதற்குப் 'போக்காடு' என்று பெயர் வைத்த மொழிபெயர்ப்பாளரின் கையை முத்தமிடலாம், போக்கிவிடும் ஆடு! இரத்தம் கழுவுகிறது, போக்காடு தூக்கிக்கொண்டு போகிறது. பிரசங்கத்தில் இரண்டு ஆட்டையும் ஒரே ஆடாக்குவதால்தான் பாதிக் குழப்பம்.

கேள்வி (காத்தான்குடி): ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்று குர்ஆன் சொல்கிறது. குற்றமில்லாதவரைத் தண்டிப்பது எப்படி நீதியாகும் சேர்? மனம் நோகக் கேட்கவில்லை.

நோகவில்லை தம்பி. எசேக்கியேல் 18ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது: மகன் தகப்பனின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. தெருவில் போன மூன்றாம் ஆளைப் பிடித்து அடித்துவிட்டுக் குற்றவாளியை விட்டால் அது அநீதிதான். கிறிஸ்தவர்கள் சொல்வது வேறு. ஒருவர் உங்களிடம் ஒரு லட்சம் வாங்கித் திருப்பித் தர வழியில்லாமல் நிற்கிறார், நீங்கள் "போகட்டும்" என்று விடுகிறீர்கள். அந்த ஒரு லட்சம் எங்கே போனது? மறையவில்லை. மன்னித்த உங்கள் தலையில்தான் அந்த நட்டம். மன்னிக்கிறவர் சுமக்காமல் மன்னிப்பு நடப்பதில்லை. சிலுவையில் சுமக்கிறவர் மூன்றாம் ஆள் இல்லை, குற்றம் செய்யப்பட்டவரே என்பது எங்கள் விசுவாசம். இயேசு யார் என்பதில்தான் உங்களுக்கும் எங்களுக்கும் வேறுபாடு, நீதி என்றால் என்ன என்பதில் இல்லை.

கேள்வி (செங்கலடி): கோபமாக இருந்த பிதாவைக் குமாரன் சாந்தப்படுத்தினாரா?

இல்லை. 2 கொரிந்தியர் 5:19: தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார். ஒப்புரவு செய்கிறவரே தேவன்தான். நாம் போய் அவரைச் சமாதானப்படுத்தவில்லை, அவர் வந்தார்.

கேள்வி (வாழைச்சேனை): பிதாவின் கோபம் தீர இரத்தம் தேவைப்பட்டதா?

மேலே செங்கலடிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

கேள்வி (பெரியகல்லாறு): எங்கள் சபையில் பிதா சவுக்கோடு நிற்பதாகவும் இயேசு குறுக்கே பாய்வதாகவும் நாடகம் போட்டோம். சரிதானே?

சரியில்லை. மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன். அந்த நாடகத்தைப் பார்த்த பிள்ளைகள் இயேசுவை நேசிப்பார்கள், பிதாவுக்குப் பயந்து ஒளிவார்கள். வளர்ந்த பிறகும் ஜெபிக்க முழங்கால் மடங்காமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். தேவகோபம் வேதத்தில் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. அது நம்மைத் தின்கிற பாவத்தின் மேல் உள்ள கோபம். அடுத்த வருடம் அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் கழுவப்பட்டாயிற்று என்றால் இனிப் பாவம் செய்யலாமா?

கூடாது. ரோமர் 6, முதல் இரண்டு வசனம்.

கேள்வி (சொறிக்கல்முனை): திருப்பலியில் இயேசு திரும்பவும் பலியாகிறார் என்று மற்றச் சபைக்காரர் கேலி செய்கிறார்கள்.

திரும்பப் பலியாவதாகக் கத்தோலிக்கப் படிப்பினை சொல்லவில்லை. ஒரே பலி அங்கே நிகழ்காலமாகிறது என்பதே 1562இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் பலி பற்றிச் சொன்னதன் சாரம். இயேசு பலியானது 'ஒரேதரம்' என்கிற எபிரெயர் 10:10 இரண்டு பக்கத்துக்கும் பொது.



 

கேள்வி (ஆரையம்பதி, தமிழாசிரியர், சைவர்): நீங்கள் கழுவாய் என்கிறீர்கள். அந்தச் சொல் புறநானூறு 34இல் இருக்கிறது. ஆலத்தூர் கிழார் பசுவின் மடியை அறுத்தவர்க்கும் கருவைச் சிதைத்தவர்க்கும்கூட 'கழுவாயும் உள' என்கிறார். ஆனால் செய்ந்நன்றி கொன்றவனுக்கு உய்தி இல்லை. குறள் 110உம் அதுவே. உங்கள் சமயம் இதற்கு என்ன சொல்கிறது?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. 1 யோவான் 2:2இல் பழைய மொழிபெயர்ப்பு 'கிருபாதார பலி' என்றது, திருவிவிலியம் 'கழுவாய்' என்றது. சங்கப் புலவனின் சொல் பலிபீடத்துக்கு வந்தபோது அந்தக் கேள்வியையும் கூடவே கொண்டு வந்துவிட்டது.

புலவன் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். வேதமும் பாவத்தின் வேரை அங்கேதான் காண்கிறது. ரோமர் 1:21ஐப் பாருங்கள், தேவனை அறிந்தும் ஸ்தோத்திரியாதிருந்தார்கள், நன்றி சொல்லவில்லை. நன்றி கொன்றதுதான் முதல் பாவம். புலவன் கதவைச் சாத்திய அதே இடத்தில்தான் சுவிசேஷம் வந்து நிற்கிறது.

சீடன் பேதுருவைப் பாருங்கள். மூன்று வருடம் இயேசுவோடு கூடவே உண்டவன். இயேசு பிடிபட்ட இரவு, யோவான் 18:18இல் குளிருக்குக் கரிநெருப்பு மூட்டியிருக்கிறார்கள், அதன் அருகே நின்றுதான் "நான் அவன் அல்ல" என்றான். அப்புறம் 21:9, திபேரியாக் கடற்கரை, விடியற்காலை. கரையில் கரிநெருப்பு, மேலே மீன், பக்கத்தில் அப்பம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கரிநெருப்பு என்ற அந்தச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டுமே வருகிறது. மறுதலித்த அதே புகை மணத்துக்குள் உயிர்த்தெழுந்த இயேசு அவனைக் கூப்பிட்டு, முதலில் சாப்பிடக் கொடுத்து, மூன்று தரம் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார். மூன்று மறுதலிப்பு, மூன்று கேள்வி.

இடையில் வந்த எதிர்ப்பு (கல்முனை, சபை மூப்பர்): கழுவாய், பரிகாரம் எல்லாம் புறச்சமயச் சொற்கள். நம் பிதாக்கள் தந்த கிருபாதார பலியை ஏன் விடவேண்டும்?

ஐயா, உங்கள் பற்று எனக்கும் உண்டு. ஆனால் கிருபை, ஆதாரம், பலி மூன்றும் வடமொழிச் சொற்கள், அவையும் கோயில்களில் வழங்கியவைதான். நாம் ஞானஸ்நானம் கொடுத்து எடுத்துக்கொள்ளாத சொல் எது? பரிகாரத்தை நானும் தவிர்க்கிறேன், காரணம் வேறு. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நாம் செய்து முடிக்கும் சடங்குதான் மனதில் வரும். இங்கே செய்கிறவர் கடவுள்.

மீண்டும் ஆரையம்பதி: அப்போ யூதாஸ்? அவனும் நன்றி கொன்றவன்தானே. அவனுக்கு ஏன் கடற்கரை இல்லை?

அவனும் மனஸ்தாபப்பட்டான் ஐயா. முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோய், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று அறிக்கையிட்டான். யாரிடம்? பாவநிவிர்த்தி செய்வதையே தொழிலாகக் கொண்ட ஆசாரியரிடம். அவர்கள் சொன்ன பதில் மத்தேயு 27:4இல் இருக்கிறது: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." வேதத்தில் என்னால் தாங்க முடியாத வசனம் இது. அவன் முடிவைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அந்தப் பதிலைச் சொல்கிற சபையாக நாம் இருக்கிறோமா என்பதே என் பயம்.

கேள்வி (மட்டக்களப்பு நகர்): 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டை வெடிக்கவைத்தவனுக்கும் கழுவாய் உண்டு என்று சொல்வீர்களா? உண்டு என்றால் நாங்கள் நீதி கேட்கக் கூடாதா?

கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். நடந்ததைக் குற்றம் என்று சொல்லாத இடத்தில் மன்னிப்பு என்ற பேச்சுக்கே பொருளில்லை. விசாரணையும் உண்மையும் மன்னிப்புக்கு எதிரியில்லை. அதே 1 யோவான் 2:2 அவரை முழு உலகத்தின் பாவங்களுக்கும் கழுவாய் என்கிறது, அந்த வசனத்திலிருந்து ஒருவனைப் பிரித்தெடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பார்த்து "மன்னித்துவிடு" என்று சொல்லவும் எனக்கு அதிகாரம் இல்லை. அந்த வார்த்தை அவருடையது, அவருடைய நேரத்தில். அதுவரை பக்கத்தில் இருப்போம்.

கேள்வி (தாண்டவன்வெளி, மறைக்கல்வி ஆசிரியை): பெரிய வெள்ளிக்கு முன்பு சின்னப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் இதைச் சொல்ல வேண்டும். எங்கே தொடங்க?

ஆடுகளை விடுங்கள், அன்செல்மை விடுங்கள். இரண்டு கரிநெருப்பையும் சொல்லுங்கள். வாவிக் கரையில் வளரும் பிள்ளைகள், சுட்ட மீனின் மணம் எப்படி இருக்கும் என்று அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.