எல்லார் வீட்டுத் துட்டிக்கும் நான் போனேன், என் அப்பாவுக்கு யாரும் வரவில்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு 46 வயது. கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பிறந்ததும் இங்கே, வாக்கப்பட்டதும் இங்கே. 1997-ல் பிளஸ் டூ முடித்த எங்கள் செட்டில் முக்கால்வாசிப் பேர் சென்னை, பெங்களூர், துபாய் என்று போய்விட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் அறுபது பேருக்கு மேல் இருக்கிறோம். அதில் ஊர்ச் செய்தி என்றால் நான்தான். யார் வீட்டில் கல்யாணம், எந்த சாருக்கு உடம்பு சரியில்லை, ஆத்தில் தண்ணீர் எவ்வளவு போகிறது, எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள்.

யாருடைய அப்பாவோ அம்மாவோ தவறிவிட்டால் உடனே எனக்குப் போன் வரும். "ஏட்டி, டிக்கெட் கிடைக்கல. நீ போயி என் பேரச் சொல்லி ஒரு மாலை போட்டுரு, ஜிபே பண்ணிருதேன்" என்பார்கள். நானும் அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், ஆழ்வார்குறிச்சி என்று போய் வருவேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லை, யாருக்கும் போன் போகவில்லை. துபாயில் இருக்கிற ஒருத்தியின் அம்மா தனியாக இருந்தார். முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்து, சிக்னல் வந்ததும் அவளுக்குச் சொன்னேன். அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

போன ஐப்பசியில் என் அப்பா இறந்துபோனார். குரூப்பில் கைகூப்பின படமும் "ஆழ்ந்த இரங்கல்" என்பதும் வரிசையாக வந்தன. நேரில் வந்தவர்கள் இரண்டே பேர். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒருவன் பிறந்தநாள் கேக் படம் போட்டான், எல்லாரும் பழையபடி ஆகிவிட்டார்கள். பதினாறாம் நாளுக்கு ஒருவரும் இல்லை.

இப்போது மே மாதம் எல்லாரும் குடும்பத்தோடு ஊருக்கு வந்து சந்திக்கப்போகிறார்களாம். மண்டபம் பார்க்க, சமையல்காரரைப் பேசி முடிக்க, சார்மார்களை அழைக்க என் பேரைப் போட்டிருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. யார் யார் வரவில்லை என்று ஒவ்வொரு முகமாக ஓடுகிறது. "அந்தக் குரூப்ப விட்டு வெளிய வந்துரு" என்கிறார் என் வீட்டுக்காரர். கை போக மாட்டேன் என்கிறது. துட்டிக்கு வந்தவர் வராதவர் என்று கணக்குப் பார்க்கிற அளவுக்கு எனக்குச் சின்னப் புத்தியா மேடம்?

இப்படிக்கு,
ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

சின்னப் புத்தி இல்லை. நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு வராதவர்களை ஒரு வருஷத்தில் மறந்துவிடுவோம், துட்டிக்கு வராதவர்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றவர் நீங்கள். உங்கள் வாசலைப் பார்க்கும்போது வலிக்கத்தான் செய்யும்.

ஏன் அப்படி ஆயிற்று என்று முதலில் பார்ப்போம். 1968-ல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து மைக் வழியாகப் பேசவிட்டார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து ஓடி ஆள் கூப்பிட்டார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அப்படி எழுந்தவர்கள் 31 சதவீதம்தான். வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் அந்த அளவுக்கு ஆளைக் கட்டிப்போடுகிறது. நான்கு பேருக்கே அப்படி என்றால் அறுபது பேர் குரூப்பைச் சொல்ல வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஊரில் ஒரு சாவு என்றால் எல்லார் சார்பிலும் போகிறவர் நீங்கள். அந்த வீடே உங்கள் வீடாக இருந்தபோது, "நீ போயிட்டு வா" என்று சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. இத்தனை வருஷமாக உங்களை அனுப்பியே பழகிவிட்டதால், தாங்களே கிளம்ப வேண்டும் என்பது பலருக்குத் தோன்றியே இருக்காது. இதை அவர்களுக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. டிக்கெட் கிடைக்காவிட்டால் போனிலாவது பேசியிருக்கலாம். உங்கள் கோபம் நியாயமானது.

ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது வேறு. உங்கள் கடிதத்தில் வெள்ளம் இருக்கிறது, கேக் இருக்கிறது, மே மாத மண்டபம் இருக்கிறது. அப்பாவுக்கு ஒரே ஒரு வரி. அவர் என்ன வேலை பார்த்தார், உங்களை எப்படிக் கூப்பிடுவார், கடைசி நாட்கள் எப்படிப் போயின, ஒன்றுமே இல்லை. துட்டி வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் "என்ன செஞ்சுது? எப்பம்?" என்று கேட்கிறார்கள், நாமும் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நடந்ததை மனசு மெல்ல ஏற்றுக்கொள்கிறது. கைகூப்பின படம் எதையும் கேட்பதில்லை, அதற்குப் பதில் சொல்லவும் முடியாது. எத்தனையோ வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் நீங்கள். உங்களிடம் போதுமான பேர் கேட்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு வருகிற அந்த முகங்களுக்குப் பின்னால் அப்பாதான் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அதனால் குரூப்பில் எதுவும் எழுத வேண்டாம். இந்த வாரம் ஒரே ஒருத்திக்குப் போன் செய்யுங்கள். நேரில் வந்த இருவரில் ஒருவராக இருக்கலாம். அந்த துபாய்த் தோழியாகவும் இருக்கலாம், அவள் மறுக்க மாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "அப்பாவப் பத்திப் பேசணும்போல இருக்கு, ஒரு மணி நேரம் கேப்பியா?" என்று நேராகக் கேளுங்கள். அவள் வராதது உங்களுக்கு வலித்தது என்றால் அதையும் அவளிடமே சொல்லுங்கள். அறுபது பேரைப் பார்த்துச் சொன்னால் அது பழியாகப் போகும். ஒருத்தியிடம் சொன்னால் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

குரூப்பை விட்டு இப்போது வெளியேற வேண்டாம், மியூட்டில் போடுங்கள். கை போகாததற்குக் காரணம் இருக்கிறது. பத்திலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகம் நினைவுக்கு வருகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் பதினேழு வயதைத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அதே சமயம், ஒரு மனிதரால் உண்மையாகப் பழக முடிந்தது சுமார் 150 பேரோடு, அதிலும் நெஞ்சுக்கு நெருக்கமாக ஐந்து பேரோடுதான் என்று ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர் கணக்கிட்டிருக்கிறார். அறுபது பேரும் அந்த ஐவர்போல நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

மே மாத வேலைக்கு வருவோம். மண்டபமும் சமையலும் சென்னையிலிருந்து போனிலேயே பேசி முடிக்கக்கூடியவை. "அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பல. சார்மார்கள அழைக்கிறத மட்டும் நான் பாத்துக்கிடுதேன், மத்தத வேற யாராவது எடுத்துக்கோங்க" என்று எழுதுங்கள். சமாதானம் சொல்ல வேண்டாம். அழைக்கிற வேலையும் வேண்டாம் என்று தோன்றினால் அதையும் விடுங்கள். அப்புறம், யாராவது மாலை போடச் சொன்னால், "நான் என் பேருக்குப் போறேன், நீ அவங்க வீட்டுக்குப் போன் பண்ணிப் பேசு" என்று சொல்லிப் பழகுங்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கும் அதுதான் நல்லது.

உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தத் தவிப்பு தெரிந்திருக்கிறது, அதனால்தான் வெளியே வரச் சொல்கிறார். மூன்று மணிக்கு முழிப்பு வந்து மனசு கனத்தால் அவரை எழுப்புங்கள். அப்பா போய் ஆறு மாதம் தாண்டிய பிறகும் ஏக்கம் கொஞ்சமும் குறையாமல், வேலையும் சாப்பாடும் கெட்டுப்போனால், அதற்கு வைத்தியம் வேண்டும். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலே அதைத் தனியாகச் சேர்த்திருக்கிறது. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டும் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஐப்பசியில் அப்பாவின் முதல் திதி வரும். யார் கூட இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அவர்களுக்குத் தேதியை இப்போதே சொல்லிவிடுங்கள். லீவு கேட்கவும் டிக்கெட் போடவும் அவர்களுக்கு நாள் வேண்டும்.