உட்காரும் இடம் மரத்துப்போனால் பாரைக் கீழே வையுங்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. ஐந்து வருடமாகப் பவர்லிஃப்டிங் செய்கிறேன், 83 கிலோ பிரிவு. டெட்லிஃப்ட் (எடை மாட்டிய கம்பியை, அதாவது பாரை, தரையிலிருந்து இடுப்பு வரை தூக்குவது) எட்டு மாதமாக 210 கிலோவிலேயே நிற்கிறது. இணையத்தில் கிடைத்த ஒரு ஷெட்யூலின்படி வாரம் மூன்று நாள், காலை 5 மணிக்கு, கனமாகத் தூக்குகிறேன். நான்கு மாதமாக இடுப்பில் தொடங்கி இடது கால் வரை வலி இழுக்கிறது. டைக்ளோஃபினாக் வலி மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கிறேன். நானாக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் (கீழ் முதுகில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை பிதுங்கியிருப்பது) என்று வந்திருக்கிறது. தூக்கி முடித்ததும் கண்ணைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் வருகின்றன. இடுப்பு மூட்டில் க்ளிக் சத்தம் கேட்கிறது. பத்து நாளாக உட்காரும் இடம் லேசாக மரத்ததுபோல் இருக்கிறது. பத்து வாரத்தில் மாநிலப் போட்டி. என் முதுகெலும்பு அவ்வளவுதானா? டெட்லிஃப்டைக் கூட்ட நல்ல பயிற்சி முறை சொல்லுங்கள்.

பதில்:

மரத்துப்போனதைப் போகிற போக்கில், க்ளிக் சத்தத்துக்கு அப்புறம் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களைக் கூப்பிட்டு, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். பரிசோதித்து, மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்து, நரம்புகள் நசுங்கவில்லை என்று சொன்னதாக நீங்கள் எழுதிய பிறகுதான் மீதியைப் பேசுகிறேன்.

தண்டுவடம் நம் முதுகின் அடிவரை போவதில்லை. முதல் இடுப்பு முள்ளெலும்புப் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது நரம்புகளின் கொத்து, பார்க்கக் குதிரை வால் போல இருக்கும். கால்களுக்கும், சிறுநீர்ப்பைக்கும், மலவாய்க்கும், பிறப்புறுப்புக்கும் போகிற நரம்புகள் அதில்தான் இருக்கின்றன. பெரிய அளவில் பிதுங்கிய டிஸ்க் இந்தக் கொத்தை அழுத்தினால், சைக்கிள் சீட்டில் உட்காரும்போது சீட் படுகிற இடம் முழுவதும் மரக்கும். கழுவும்போது கை படுவதே சரியாகத் தெரியாது. சிறுநீர் முட்டுகிற உணர்வு குறையும், அல்லது போய் நின்றும் வராது. ஆணுறுப்பு விறைப்பு திடீரென்று குறையலாம். இரண்டு கால்களும் தளரலாம். இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் இரவு 2 மணியாக இருந்தாலும் போக வேண்டும். இங்கே அறுவை சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றே நாங்கள் ஓடுகிறோம். சிறுநீர் தானாகக் கசியத் தொடங்கிய பிறகு வந்தால் பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.

மூட்டை தூக்கும் வேலை செய்கிற ஒருவர் என்னிடம் நான்காவது நாள் வந்தார். கால் வலியை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். மரத்துப்போனதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால்கள் தேறின. சிறுநீர் கழிக்க மட்டும் இன்றும் தினமும் குழாய் போட்டுக்கொள்கிறார். அவருக்கு அப்போது 34 வயது. உங்களுக்கு இந்த முறை ஒன்றுமில்லை என்று சொன்னது இந்த முறைக்கு மட்டும்தான். மறுபடி மரத்தால் மறுபடி போங்கள், "போன தடவை பார்த்தாச்சே" என்று வீட்டில் இருக்காதீர்கள்.

சரி, நீங்கள் உண்மையில் பயப்படுவது பல்ஜுக்குத்தான். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், 30 வயதினரில் 40 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. யாரும் கேட்காமல் நீங்களாகப் போய் ஸ்கேன் எடுத்து, அந்த வார்த்தையை இணையத்தில் தேடி, இரவெல்லாம் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். அமெரிக்காவின் லமார் கான்ட் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தவர். 1985-இல் தன் உடல் எடையைப்போல் ஐந்து மடங்கை டெட்லிஃப்டில் தூக்கிய முதல் மனிதர் அவர்தான். படத்தில் முதுகு எப்படித் தெரிகிறது என்பதை வைத்து யாருடைய முதுகையும் முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. உங்களுடையதும் முடியவில்லை. காலுக்கு இறங்கும் இந்த மாதிரி வலி பெரும்பாலானவர்களுக்குக் கத்தி வைக்காமலே குறைந்துவிடும், பிதுங்கிய டிஸ்க்கும் பல நேரம் தானாகச் சுருங்கும். ஆனால் அதற்கு நீங்கள் இடம் கொடுக்க வேண்டும். நான்கு மாதமாக மாத்திரையை வைத்து வலியின் வாயை அடைத்துவிட்டு மேலே மேலே தூக்கியிருக்கிறீர்கள்.

கண்ணைச் சுற்றி வரும் புள்ளிகள் மூச்சடக்கித் தூக்கும்போது உடைகிற சின்ன ரத்தக் குழாய்கள். சில நாளில் மறையும். வலியில்லாத க்ளிக் சத்தத்தையும் விட்டுவிடுங்கள்.

ஆனால் டைக்ளோஃபினாக் விஷயத்தை அப்படிக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. எடைப் பிரிவுக்காகத் தண்ணீரைக் குறைக்கிற வழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். உடம்பு வறண்டிருக்கும்போது இந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வயிற்றில் சத்தமில்லாமல் புண் வரலாம். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்காமல் கொடுக்கிறார்கள் என்பதால் அது மிட்டாய் ஆகிவிடாது. இன்றே நிறுத்துங்கள். இந்த வாரம் ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். கிரியாட்டின் பவுடர் சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அது அந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும்.

இந்தப் போட்டிக்குப் போக வேண்டாம். உங்களுக்கு இது எவ்வளவு கசக்கும் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். கால் வலி இருக்கும்வரை தரையிலிருந்து கனமாகத் தூக்கக் கூடாது. நடங்கள். முழங்கால் உயரத்தில் பாரை வைத்து, இறங்காத எடையில் தூக்கிப் பாருங்கள். "இறங்காத" என்று நான் சொல்வது வலியை: அது பாதத்தை நோக்கி இறங்கினால் எடை அதிகம், மேலே ஏறி இடுப்போடு நின்றால் சரியான பாதை. குதிகாலால் பத்து அடி நடந்து பாருங்கள். இடது பாதத்தின் முன்பகுதி தூக்க முடியாமல் தொங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கால் வலி நின்ற பிறகு தரையிலிருந்து 100 கிலோவில் தொடங்கி, வாரம் 5 கிலோவுக்கு மேல் ஏற்றாமல் வாருங்கள். பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு வாரம் இரண்டே நாள். ஒரு நாள் உச்ச எடையில் 80 முதல் 85 சதவீதம், உங்களுக்கு 168 முதல் 178 கிலோ, மூன்று ரெப்பாக நான்கு செட் (ஒரு முறை தூக்குவது ஒரு ரெப், ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ரெப்கள் ஒரு செட்). இன்னொரு நாள் 65 முதல் 70 சதவீதம், வேகமாக, ஒவ்வொரு ரெப்பும் ஒரே மாதிரி வரும்படி. எந்தச் செட்டிலும் இன்னும் இரண்டு ரெப் கையில் இருக்கும்போதே வைத்துவிடுங்கள். நான்காவது வாரம் செட்டுகளைப் பாதியாக்குங்கள். உச்ச எடையைப் போட்டி மேடையில் பாருங்கள், ஜிம்மில் வேண்டாம். வாரம் மூன்று நாள் உச்சத்தை முட்டியதால்தான் 210-இல் நின்றீர்கள் என்பது என் கணிப்பு. முதுகுத் தசைக்கு ஆறுவதற்கே நாள் கிடைக்கவில்லை.

அப்புறம் அந்தக் காலை 5 மணி. படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அதன்மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். டெட்லிஃப்டை மாலைக்கு மாற்றுங்கள். வேலை விடாது என்றால் 4 மணிக்கே எழுந்து, நடந்து, வீட்டு வேலை ஏதாவது பார்த்துவிட்டுப் பிறகு பாரைத் தொடுங்கள்.