வெறும் வாத்தியாரா?

கேள்வி: 'எவனிடத்தில் அதிகங்கொடுக்கப்படுகிறதோ அவனிடத்தில் அதிகங்கேட்கப்படும்' (லூக்கா 12:48) என்பது பணக்காரர்களுக்குச் சொன்னதுதானே? நான் வெறும் ரிட்டயர்டு வாத்தியார். காணிக்கை ஒழுங்காகப் போடுகிறேன், அது போதாதா?
– ஒரு வாசகர், இடையன்குடி

பதில்: அது என்ன சார், 'வெறும்' வாத்தியார்? இடையன்குடியில் இருந்துகொண்டு எழுதுகிற வார்த்தையா இது? 1841-ல் மிஷனரி கால்டுவெல் வந்து சேர்ந்த ஊர். அவர் மனைவி எலைசா பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்த ஊர். பனங்காட்டை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்குள் சிலேட்டு நுழைந்ததால்தான் நம் திருநெல்வேலிச் சீமையில் இத்தனை வாத்தியார்கள், நர்சுகள், கிளார்க்குகள். உங்கள் தாத்தா காலத்தில் யாரோ ஒரு சபை உபதேசியார் சொற்பச் சம்பளத்தில் மரத்தடியில் மணலில் எழுதவைத்திருப்பார். அதெல்லாம் வரவில் சேராதா?

வசனத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து படியுங்கள். 'இந்த உவமை எங்களுக்கு மாத்திரமா, எல்லாருக்குமா' என்று பேதுரு இயேசுவிடம் கேட்கிறார், அதற்குத்தான் இந்தப் பதில். எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடி, அறியாதவனுக்குச் சில அடி. இதில் பணம் எங்கே வருகிறது? அறிந்தவன் யார் என்பதுதான் கேள்வி. நாற்பது வருஷம் வேதபாடம் நடத்தியவர் 'அறிந்தவன் நானில்லை' என்று எப்படிச் சொல்வார்? போதகருக்கு அதிக ஆக்கினை என்று யாக்கோபு வேறு எழுதிவைத்திருக்கிறார். மத்தேயு 25-ல் வரும் உவமையில் ஒரு வேலைக்காரன் எஜமானிடம் ஒரே ஒரு தாலந்து பணம் வாங்கிப் புதைத்தானே, அந்த ஒன்றே ஒரு கூலியாளுக்கு ஏறக்குறைய 20 வருஷச் சம்பளம். நமக்குக் கிடைத்தது கொஞ்சம்தான் என்று அவனும் நினைத்திருக்கலாம், ஆனால் கொடுத்தவர் அப்படி நினைக்கவில்லை.

காணிக்கை என்றதும் எனக்குக் கோபம் வருகிறது, ஏற்கெனவே எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டதுதான், பரவாயில்லை. ஒரு டியூப்லைட் கொடுத்துவிட்டு அதன்மேல் பேர் எழுதுகிறோம், ஃபேன் இறக்கையில் 'உபயம்' என்கிறோம், கோயில் சுவரில் மார்பிள் பதிக்க இடமில்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியவர்கள் வசதிக்காரர்களா? அடுப்பில் உலை வைக்கும்போது காணிக்கைக்கென்று ஒரு பிடி அரிசி தனியே எடுத்துவைத்த நம் பாட்டிமார் பேர் எந்தக் கல்லில் இருக்கிறது?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். போதாது சார். உங்கள் தெருவிலேயே எட்டாம் வகுப்புக்குப் போயும் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை இருக்கும். அது எந்தச் சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கட்டும், சாயங்காலம் கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரவையுங்கள். ஃபீஸ் வாங்காதீர்கள்.