மாடித் தோட்டத்தை மூடிவிட வேண்டாம்

கத்தரியிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி அப்பியதிலிருந்து மாடிக்குப் போகவே பிடிக்கவில்லை, செடி வளர்க்கும் எல்லாப் பைகளையும் யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். சென்னையில் மே மாத வெயிலில் மொட்டைமாடியில் நிற்க யாருக்குத்தான் மனசு வரும்?

கத்தரியைப் பிடுங்கி, பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள்; உரத்தொட்டியில் போட வேண்டாம். செம்பருத்தியைப் பாதிக்கு வெட்டிவிட்டால் துளிர்க்கும். தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறதா என்று கிட்டப்போய்ப் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். எறும்பை விட்டுவைத்தால் எவ்வளவு மருந்து அடித்தாலும் பூச்சி திரும்பி வரும். உங்களுக்கு அலுத்துப்போனதே அதனால்தான் என்று நினைக்கிறேன். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலமாக, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்.

மற்ற பைகளைச் சருகு போட்டு மூடிவிட்டு ஓய்வெடுங்கள். கறிவேப்பிலைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். அப்புறம் ஆடியில் ஒரே ஒரு பையில் சிறுகீரை விதையுங்கள். சில நாளில் முளைத்துவிடும், ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். வெண்டை, கொத்தவரையெல்லாம் ஆசை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். கத்தரிப் பை மண்ணை இந்த வெயிலிலேயே பரப்பிக் காயவைத்துவிடுங்கள்.