இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் கணவனும் மனைவியுமாகப் பல நாள் நடந்து போக எந்தப் பாதை நல்லது?

காட்ஸ்வோல்ட் வே. நானும் என் கணவரும் நடந்தது அதில்தான், யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன். சிப்பிங் கேம்டன் என்ற சிற்றூரில் தொடங்கித் தெற்கே இறங்கி, பாத் நகரின் பெரிய தேவாலய வாசலில் முடிகிறது. மொத்தம் 102 மைல், அதாவது சுமார் 164 கிலோமீட்டர். நடந்து பழகியவர்கள் ஏழு நாளில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் இது சமதளம் இல்லை. காட்ஸ்வோல்ட் மேட்டுநிலம் மேற்கில் செங்குத்தாகச் சரிகிறது. பாதை அந்தச் சரிவின் விளிம்பை ஒட்டியே போவதால், ஊருக்கு இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்க வேண்டும். மிக உயரமான கிளீவ் ஹில்லே 330 மீட்டர்தான், ஆனால் ஒரே நாளில் பல தடவை ஏறி இறங்கும்போது கால் அதை உணரும். என் கணவருக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும், எனக்கு இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். அதனால் அந்தந்த இடத்தில் யாருக்குச் சிரமமோ அவர்தான் முன்னால் நடப்பது என்று வைத்துக்கொண்டோம். இருவராகப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்.

காட்சிகளுக்குக் குறைவே இல்லை. ஸ்டான்டன் போன்ற ஊர்களில் வீடுகள் எல்லாம் தேன் நிறச் சுண்ணாம்புக்கல். விஞ்ச்கோமுக்கு மேலே பெலாஸ் நாப் என்ற 5,000 ஆண்டுக்கும் பழைய புதைமேடு இருக்கிறது. கேம்டனின் பெரிய தேவாலயம், இடைக்காலத்தில் ஆட்டு ரோம வியாபாரத்தில் சேர்ந்த பணத்தால் எழுந்தது.

ஆனால் என் மனதை அள்ளியது அங்கே நடப்பதற்கு இருக்கும் உரிமை. பாதை யாரோ ஒருவருடைய கோதுமை வயலின் நடுவே போகிறது, ஆடு மேயும் புல்வெளிக்குள் நுழைகிறது, சில இடங்களில் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு போகிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பொதுவழி என்று பதிவாகிவிட்டால், நிலம் கைமாறினாலும் வழி அப்படியே இருக்கும். வயலுக்குக் குறுக்கே போகும் தடத்தை உழுதுவிட்டால் பொதுவாக 14 நாளுக்குள் விவசாயி அதைச் சரிசெய்து தர வேண்டும் என்பது சட்டம். இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. மலைவெளியில் நடக்க விடு என்று 1932-ல் கிண்டர் ஸ்கௌட் என்ற மலையில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பொதுவழிகளை வரைபடத்தில் பதிந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 1949-ல் வந்தது. இது தெரிந்த பிறகு ஒவ்வொரு வேலிக்கதவையும் நன்றியோடுதான் திறந்து மூடினேன்.

சரி, ஏற்பாடுகளுக்கு வருவோம். தடத்தில் ஓக் கொட்டைச் சின்னம் இருக்கும், அதைப் பார்த்துப் போனால் போதும். பெட்டியை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவில் கணக்குப் பார்க்காதீர்கள். மழை பெய்தால் சேறு பூட்ஸை இழுக்கும், கைத்தடி அவசியம். கன்றோடு நிற்கும் பசுக்களைக் கண்டால் நன்றாகச் சுற்றிப் போங்கள். சைவம் என்றால் அறை பதியும்போதே சொல்லிவிடுங்கள், காலை உணவை அதற்கேற்பச் செய்து தருவார்கள். பல பப்களில் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே சமையலறையை மூடிவிடுவார்கள், அதனால் பையில் ஏதாவது இருக்கட்டும்.

அப்புறம், வடக்கிலிருந்து தெற்காகவே நடங்கள். கேம்டனில் ரயில் நிலையம் கிடையாது. மோர்டன்-இன்-மார்ஷில் இறங்கி பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். அந்த அலைச்சல் கால் புதிதாக இருக்கும் முதல் நாளோடு போய்விடும். பாத்திலிருந்து லண்டனுக்கு நேர் ரயில் இருக்கிறது.